சம்ப் முழுக்க இறகுப்பாசி: கோவளம் கடலில் கொண்டுபோய் விடலாமா?

உப்புத்தொட்டி (வெள்ளி, இரவு 11:20)

வணக்கம் நண்பர்களே. வில்லிவாக்கத்தில் மூன்றாவது மாடியில் நான்கடிக் கடல்மீன் தொட்டி வைத்திருக்கிறேன். இரண்டு கோமாளி மீன், ஒரு டேங் மீன், கொஞ்சம் மென்பவளம், கீழே சம்ப் (தண்ணீரைச் சுத்தம் செய்யும் துணைத்தொட்டி). ஒன்றரை வருடத்துக்கு முன்னால், மீன் கழிவால் தண்ணீரில் சேரும் நைட்ரேட் இறங்கவே மாட்டேன் என்றது. தெரிந்தவர் ஒருவர் பிளாஸ்டிக் கவரில் ஒரு கைப்பிடி பச்சைப் பாசி கொண்டுவந்து கொடுத்தார். “காலெர்பா. சம்பில் போடு, மேலே ஒரு விளக்கு வை, மறந்துடு” என்றார். அவர் சொன்னதில் மூன்றாவதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன்.

இன்று பம்ப் இருமுகிற மாதிரி சத்தம் போட்டது. கதவைத் திறந்தால் சம்பே தெரியவில்லை, ஒரே பச்சை. கோழி இறகு மாதிரி இலைகள், ஒவ்வொன்றும் அரை அடி. நடுநரம்பின் இரண்டு பக்கமும் எதிரெதிரே சின்னச் சின்னக் கிளை, நுனி மேல்நோக்கி லேசாக வளைந்திருக்கிறது. அடியில் பச்சை வயர் போல ஒரு தண்டு ஓடுகிறது. இழுத்தால் முழம் முழமாக வந்துகொண்டே இருக்கிறது. பம்பின் வாய்க்குள்ளும் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோவளம் போகிறோம். ஒரு பக்கெட்டில் அள்ளிக்கொண்டு போய்க் கடலில் விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். வெப்பக் கடல் பாசிதானே, நம் மன்னார் வளைகுடாவிலும் இருக்கிறது என்று படித்தேன். உயிருள்ளதைக் குப்பையில் போட மனசு வரவில்லை. யாருக்காவது வேண்டும் என்றாலும் சொல்லுங்கள், இலவசம்.

கொளத்தூர்வாசி (வெள்ளி, இரவு 11:52)

தம்பி, முதலில் அந்த பக்கெட்டைக் கீழே வை.

கடலில் விடாதே. இலவசம் என்று போட்டதையும் எடுத்துவிடு. முன்பின் யோசிக்காமல் பத்துப் பேர் வாங்கிப் போவார்கள், அதில் இரண்டு பேர் உன்னை மாதிரியே ஒன்றரை வருடம் கழித்து பக்கெட்டோடு கிளம்புவார்கள். நான் இந்தத் தொழிலில் இருபது வருடமாக இருக்கிறேன். காலெர்பாவைக் கேட்டு வந்தவர்களைவிட, ‘இதை எப்படி ஒழிக்கிறது’ என்று கேட்டு வந்தவர்கள்தான் அதிகம். கையால் பிய்க்கும்போது துண்டு பறக்காமல் பார்த்துக்கொள். மேல் தொட்டிக்குப் போய்ப் பவளப் பாறையில் ஒட்டிக்கொண்டால் கதை முடிந்தது.

கேள்விக்குறி (சனி, காலை 7:15)

புரியவில்லை அண்ணே. வெளிநாட்டுச் செடியை விட்டால் தப்பு, சரி. இது நம் கடலிலேயே இருக்கிற பாசி என்று அவரே சொல்கிறார். கிணற்றுத் தண்ணீரைக் கிணற்றில் ஊற்றினால் என்ன கெட்டுவிடும்? அதுவும் கோவளம் அலைக்கு எந்தப் பாசி நிற்கும்? மணல் கரை, ஒரு மணி நேரத்தில் கரை ஒதுங்கிக் காய்ந்துவிடும். பயமுறுத்துவதற்கு முன்னால் காரணம் சொல்லுங்கள்.

ஒருசெல் (சனி, காலை 9:40)

கேள்விக்குறி கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் முதலில் இது என்ன பாசி என்று பார்த்துவிடுவோம். (நான் கல்லூரியில் தாவரவியல் எடுத்து ஓய்வு பெற்றவன். பாசி என்றால் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

இறகு மாதிரி இருக்கும் காலெர்பா மூன்று வகை தொட்டிகளில் சுற்றுகிறது. கிளைகள் ஊசிபோல உருண்டு மெல்லியதாக இருந்தால் செர்டுலாரியாய்டிஸ். தட்டையாக, அகலமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறினாற்போல் இருந்தால் மெக்சிகானா. தட்டையாக, நரம்போடு சேரும் இடத்தில் இடுப்பு மாதிரி ஒடுங்கி, நுனி மேல்நோக்கி வளைந்தால் டாக்சிஃபோலியா. தம்பி சொல்வது மூன்றாவதுபோல்தான் இருக்கிறது. படம் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

டாக்சிஃபோலியா என்றால் ‘டாக்சஸ்’ என்ற ஊசியிலை மரத்தின் இலை போன்றது என்று பொருள். 1802-இல் மார்ட்டின் வால் என்ற தாவரவியலாளர் கரீபியனில் உள்ள செயின்ட் குரோயிக்ஸ் தீவிலிருந்து வந்த மாதிரியை வைத்து இதற்குப் பெயரிட்டார். அப்போது அந்தத் தீவு டென்மார்க்கின் வசம் இருந்தது. 1817-இல் அகார்த் என்ற பாசி ஆய்வாளர் இதைக் காலெர்பா பேரினத்துக்குள் கொண்டுவந்தார். கரீபியன் தீவுகள், இந்தியப் பெருங்கடல், பசிபிக் என்று சூடான தீவுக் கடல்களில் எல்லாம் இதற்குப் பிறந்த வீடு உண்டு. அங்கே ஊரோடு ஒத்து வாழ்கிற பாசி. கடல்புல்லுக்கு நடுவே அங்கங்கே ஒரு திட்டு, அவ்வளவுதான்.

இதில் எனக்கு இன்னும் ஆச்சரியம் அடங்காத ஒரு விஷயம் உண்டு. தம்பி முழம் முழமாக இழுத்தாரே, அந்தத் தண்டு, அதில் நிற்கும் அத்தனை இறகு, அடியில் மண்ணைப் பிடிக்கும் வேர் போன்ற இழைகள் எல்லாம் சேர்த்து ஒரே ஒரு செல். தாவரத்தில் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இருக்குமே சுவர், அது இதற்குள் எங்கும் கிடையாது. ஒரு நீளக் குழாய், அதற்குள் எண்ணி முடியாத உட்கருக்கள், பசுங்கணிகங்கள், எல்லாம் ஓடித் திரியும் கஞ்சி போன்ற செல்சாறு. குழாய் நசுங்காமல் இருக்க உள்ளே குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய தூண்கள். வேர், தண்டு, இலை என்று உருவம் எடுப்பதற்குப் பல செல்கள் வேண்டும் என்று நாம் பாடம் நடத்துகிறோம். இது ஒற்றை ஆளாக நின்று அதைச் செய்துவிட்டது. 2015-இல் இதே இனத்தை அடி முதல் நுனி வரை பகுதி பகுதியாக வெட்டி, எந்த மரபணு எங்கே வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். சுவரே இல்லாவிட்டாலும் அடிக்கு ஒரு ஒழுங்கு, நுனிக்கு ஒரு ஒழுங்கு இருந்தது.

ஒரே செல் என்றால் ஒரு கிள்ளலில் சாறு முழுக்கக் கொட்டிச் செத்துப்போக வேண்டாமா? சாகாது. காயம் பட்ட சில நிமிடங்களில் அந்த இடத்தில் பசை போல ஒரு அடைப்பு உருவாகிவிடும். காலெர்பினைன் என்ற நச்சுப் பொருள் இதற்குள் நிறைய இருக்கிறது. வெட்டுப்பட்டதும் அது வேறாக மாறி, அங்குள்ள புரதங்களைப் பின்னிக் கட்டிவிடுகிறது. அதனால் ஒரு சென்டிமீட்டர் துண்டு போதும், புதுப் பாசி. பம்பின் விசிறி இதை நறுக்கினால் நறுக்கிய ஒவ்வொன்றும் நாற்று.

உப்புத்தொட்டி (சனி, காலை 10:05)

ஐயா, அப்படியானால் என் சம்பில் இருப்பது ஒரே செல்லா? வீட்டில் சொன்னேன். அம்மா, “ஒரு செல்லுக்கு இவ்வளவு கரண்ட் பில்லா” என்கிறார்.

படம் மாலையில் போடுகிறேன். கோவளம் பயணம் இருக்கிறது, பக்கெட் இல்லை.

நீஸ்வாசி (சனி, பிற்பகல் 3:30)

நான் யாழ்ப்பாணத்து ஆள், இருபத்தைந்து வருசமாகப் பிரான்சின் தெற்குக் கரையில், நீஸ் நகரில் இருக்கிறேன். இந்தப் பாசியின் கதை நடந்ததே எங்கள் வீட்டுக்கு முன்னால் உள்ள கடலில்தான். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் வில்ஹெல்மா என்று ஒரு மிருகக்காட்சிசாலை. 1980 வாக்கில் அங்குள்ள வெப்பக் கடல் தொட்டிகளில் இந்தப் பாசியின் ஒரு ரகம் சரியான செழிப்பாக வளர்ந்தது. வடிவான பச்சை, நோய் நொடி இல்லை, குளிரையும் தாங்கியது. நல்ல பொருள் கிடைத்தால் பகிர்ந்துகொள்வதுதானே வழக்கம். பிரான்சின் நான்சி நகரத்துத் தொட்டிக்குப் போனது, அங்கிருந்து மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்துக்கு. அந்தக் கட்டடம் கடலுக்கு நேர் மேலே பாறையில் நிற்கிறது. 1984-இல் அதன் யன்னலுக்குக் கீழே கடலடியில் ஒரு திட்டு கண்டார்கள். அளவு ஒரு சதுர மீட்டர். ஒரு மூழ்கி அரைமணியில் கையால் பிடுங்கியிருக்கலாம்.

பிடுங்கவில்லை. வெப்பக் கடல் பாசி, மத்தியதரைக் கடலின் குளிர்காலத்தில் தானாகச் சாகும் என்று இருந்துவிட்டார்கள். 1989-இல் அது ஒரு ஹெக்டேர். நீஸ் பல்கலைக்கழகத்து அலெக்சாந்தர் மெய்னேஸ் என்ற பாசி ஆய்வாளர் கூச்சல் போட்டார். அருங்காட்சியகத் தரப்பு, இது எங்களிடமிருந்து போனதல்ல, இயற்கையாக வந்தது என்றது. வருசக்கணக்காகச் சண்டை. சண்டை பிடிக்கிற நேரத்தில் பாசி பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. உல்லாசப் படகுகளின் நங்கூரத்தில், மீன்பிடி வலையில் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராக இறங்கியது. இருட்டான, ஈரமான நங்கூரப் பெட்டிக்குள் பத்து நாள் உயிரோடு கிடக்கும். 1992-இல் இத்தாலியும் ஸ்பெயினின் மயோர்காவும், பிறகு குரோவேசியா, துனீசியா. 2000-ஆம் ஆண்டு முடிவில் ஆறு நாடுகளில் 131 சதுர கிலோமீட்டர் கடலடியை இது தொட்டிருந்தது.

இங்கே பொசிடோனியா என்ற கடல்புல் பெரும் காடாக இருக்கும், மீன்குஞ்சுகளின் வீடு. அதற்குள் இது புகுந்தது. கரீபியனில் ஒரு சாண் உயரம் இருப்பது இங்கே முழங்கால் அளவு. எங்கள் கடல் முள்ளெலியும் மேய்கிற மீன்களும் நச்சுக்குப் பயந்து வாய் வைக்கவில்லை. பத்திரிகைகள் ‘கொலைகாரப் பாசி’ என்று பெயர் வைத்தன. மனிசரைக் கொல்லும் என்று நினைத்துக் குளிக்கப் பயந்தவர்களும் இருந்தார்கள், அது வீண் பயம்.

கேள்விக்குறி (சனி, மாலை 5:10)

நீஸ்வாசி, அருமையான பதிவு. ஆனால் உங்களிடம் ஒரு நேர்க் கேள்வி. இன்றைக்கு உங்கள் கடலில் அந்தப் பாசி இருக்கிறதா? நான் வாசித்தவரை குறைந்துவிட்டது என்கிறார்கள். அப்படியானால் அந்தக் கூச்சல் கொஞ்சம் ஓவர் இல்லையா?

அப்புறம், என் பழைய கேள்வி அப்படியே இருக்கிறது. மத்தியதரைக் கடலில் அது அந்நியன், சரி. மன்னார் வளைகுடாவில் அது சொந்தக்காரன். சொந்தக்காரன் வீட்டுக்கு வந்தால் என்ன?

நீஸ்வாசி (சனி, இரவு 8:00)

ஓம், குறைந்துவிட்டது. 2000-களின் பிற்பாதியிலிருந்து பிரெஞ்சுக் கரையில் பெரிய திட்டுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. நான் இப்போது மூழ்கினால் தேடித்தான் காண வேண்டும். யாரும் ஒழிக்கவில்லை, அதுவாகப் பின்வாங்கியது. காரணம் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஆனால் அண்ணை, இருபது வருசம் ஒரு கடலடி அதற்குக் கீழே கிடந்தது. பொசிடோனியா ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் படரும். போன காடு நாளைக்கே திரும்பி வராது. அதற்குள் இதன் ஒன்றுவிட்ட தம்பி, சிலிண்ட்ராசியா என்ற இன்னொரு காலெர்பா ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இன்னும் வேகமாகப் பரவிவிட்டது. கூச்சல் ஓவரா என்று என்னால் சொல்ல முடியாது. கூச்சல் போட்ட நேரம் பிந்திவிட்டது என்று சொல்வேன்.

பாம்பன்கரை (ஞாயிறு, காலை 6:45)

இந்தக் குழுவில் நான் தொட்டி வைக்காதவள், சும்மா படிக்க வருபவள். மன்னார் வளைகுடா பெயர் வந்ததால் எழுதுகிறேன்.

எங்க அம்மா பன்னிரண்டு வயதிலிருந்து பாசி எடுப்பவர். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் பை கட்டி இறங்குவார். மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி, பக்கோடாப்பாசி என்று ஒவ்வொன்றுக்கும் எங்களுக்குப் பெயர் உண்டு, விலை உண்டு. நேற்று இந்த இழையில் சொன்ன இறகுப்பாசியைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். கையில் படம் காட்டியதும், “இது கிடக்கும், வாங்க ஆள் இல்லை, நாங்க தொட மாட்டோம்” என்றார். “நிறைய கிடக்குமா?” என்றேன். “எங்க நிறைய? கல்லு இடுக்குல ஒரு கை, தாழை நடுவுல ஒரு கை. ஒரு தடவை பார்த்த இடத்துல அடுத்த தடவை இருக்காது” என்றார். (தாழை என்றால் இங்கே கடல்புல்.)

அதனால் கேள்விக்குறி சொல்வது பாதி உண்மை. எங்கள் கடலில் இது இருக்கிறது. இருந்தும் யாருக்கும் தொந்தரவு இல்லை. ஆனால் வெளியிலிருந்து கொண்டுவந்த பாசி என்ன செய்யும் என்பது எங்களுக்குப் படித்துத் தெரிந்ததல்ல. பிலிப்பைன்ஸ் பக்கத்துக் காப்பாஃபைகஸ் என்ற பாசியை மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்க ஊர் ஊராகக் கொடுத்தார்கள். ஒரு குளிர்பானக் கம்பெனி இறங்கியதால் அதற்கு ‘பெப்சிப் பாசி’ என்றே பெயர் நின்றுவிட்டது. பல வீடுகளில் அடுப்பு எரிந்தது அதனால்தான், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் மிதவையிலிருந்து பிய்ந்த துண்டுகள் குருசடைத் தீவுப் பவளத்தில் ஏறி மூடின. 2008-இல் ஆய்வாளர்கள் அதை எழுதினார்கள். அதன் பிறகு பவளத்தின் மேலிருந்து கையால் பிடுங்கும் வேலை நடந்தது. பிடுங்கினால் கொஞ்ச நாளில் திரும்ப வரும் என்று அதில் வேலை பார்த்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்று. தீவுகளைச் சுற்றி 1986-இலிருந்து தேசியப் பூங்கா. அங்கே காலம் காலமாகப் பாசி எடுத்த எங்கள் பெண்களையே தீவுப் பக்கம் விடுவதில்லை. மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் கடலுக்குப் போவது என்று பெண்கள் தாங்களாகவே பேசிவைத்துக் குறைத்துக்கொண்ட ஊர்கள் இங்கே இருக்கின்றன. எடுக்கிறவளுக்கு இத்தனை கணக்கு இருக்கும்போது, பட்டணத்திலிருந்து பக்கெட்டில் கொண்டுவந்து கொட்டுகிறவருக்கும் ஒரு கணக்கு இருக்க வேண்டாமா? கோபத்தில் சொல்லவில்லை. கொஞ்சம் கோபம்தான்.

ஒருசெல் (ஞாயிறு, காலை 10:20)

பாம்பன்கரை, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். ‘ஒரு தடவை பார்த்த இடத்தில் அடுத்த தடவை இருக்காது’ என்பதை ஒரு வகுப்பு முழுக்க விளக்கலாம். ஏன் இருக்காது என்பதற்கு நாளை வருகிறேன்.

இப்போது ‘சொந்தக்காரன்’ பற்றி. மத்தியதரைக் கடல் பாசி, ஐரோப்பியத் தொட்டிகளில் இருந்த பாசி, இரண்டின் மரபணுவையும் ஒப்பிட்டபோது ஒன்றுபோலவே இருந்தன. ஒரே செடியின் நகல்கள். தேடிக்கொண்டு போனால் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் அருகே மோர்ட்டன் விரிகுடாவில் உள்ள கூட்டத்தோடு உறவு தெரிந்தது. அது வெப்பக் கடலின் ஓரம், குளிர் எட்டிப் பார்க்கும் இடம். வெப்பக் கடல் டாக்சிஃபோலியா 20 டிகிரிக்குக் கீழே சுணங்கிவிடும். தொட்டி ரகம் 10 டிகிரியிலும் பல வாரம் தாக்குப்பிடிக்கும். பெயர் ஒன்று, முகம் ஒன்று, குணம் வேறு. பொன்னியும் சம்பாவும் நெல்தான், அதற்காக இரண்டும் ஒன்றா?

தம்பி சம்பில் இருப்பது ராமேசுவரத்திலிருந்து வந்ததா, இந்தோனேசியாவிலிருந்து பவளப் பாறையோடு வந்ததா, அந்த ஜெர்மன் தொட்டியின் வாரிசா என்பது கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதல்ல. கொடுத்தவருக்கும் தெரியாது, அவருக்குக் கொடுத்தவருக்கும் தெரியாது.

சொந்த ஊரில் இது ஏன் அடங்கி இருக்கிறது என்பதற்கு ஒரு காரணம், அங்கே இதைத் தின்னத் தெரிந்த ஆள் இருக்கிறது. சாறு உறிஞ்சும் சின்னக் கடல் நத்தைகள். குழாயில் ஒரு துளை போட்டு இளநீர் குடிப்பது போல உறிஞ்சும், நச்சையும் வாங்கித் தன் உடம்பில் வைத்துக்கொண்டு தன்னைத் தின்ன வருபவர்களை விரட்டும். கரீபியனின் எலிசியா சுபொர்னாட்டா என்ற நத்தையை மத்தியதரைக் கடலில் விட்டுப் பார்க்கலாமா என்று மெய்னேஸ் குழு யோசித்தது. ஒரு அந்நியனை அடக்க இன்னொரு அந்நியனா என்ற தயக்கத்தில் அனுமதி கிடைக்கவில்லை. மத்தியதரைக் கடலின் சொந்த நத்தை ஒன்று, லோபிகர், இதைத் தின்னத்தான் செய்தது. ஆனால் கடித்துத் துண்டு துண்டாகப் போட்டதில் பாசி இன்னும் பரவத்தான் வழி செய்தது.

கோவளம் அலை பற்றி: அங்கே மணலில் இது நிற்காமல் போக வாய்ப்பு அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பக்கெட்டில் பாசி மட்டும் போவதில்லை. எந்தெந்த நாட்டு மீனோ நீந்திய தொட்டித் தண்ணீர், அதன் ஒட்டுண்ணி, கிருமி, நத்தை முட்டை எல்லாம் கூடவே போகிறது.

பசிபிக்கரை (ஞாயிறு, இரவு 9:30)

நான் சான் டியாகோவில் இருக்கிறேன். எங்கள் ஊரிலும் ஒரு அத்தியாயம் உண்டு. 2000 ஜூனில் கார்ல்ஸ்பாட் அருகே அகுவா ஹெடியோண்டா என்ற உப்பங்கழியில் கடல்புல்லைப் பார்வையிட இறங்கியவர்கள் இதைக் கண்டார்கள். யாரோ தொட்டியைக் கழுவி ஊற்றியிருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான முடிவு. மரபணு பார்த்தால் மத்தியதரைக் கடலின் அதே நகல்.

மொனாக்கோ செய்யாததை இவர்கள் செய்தார்கள். விவாதம் பிறகு, வேலை முதலில். கண்டுபிடித்த மூன்றாவது வாரத்துக்குள் திட்டுகளின் மேல் கறுப்புத் தார்ப்பாய் போட்டு, ஓரத்தில் மணல்மூட்டை அடுக்கி, உள்ளே குளோரினைச் செலுத்தினார்கள். தார்ப்பாய்க்கு அடியில் இருந்த எல்லாமே செத்தது, நல்லது கெட்டது பார்க்கவில்லை. அப்புறம் வருடக்கணக்கில் மூழ்கிகள் கயிறு கட்டி அங்குலம் அங்குலமாகத் தேடினார்கள். 2006-இல் ஒழிந்தது என்று அறிவித்தபோது 70 லட்சம் டாலருக்கு மேல் செலவு. 2001-இல் ஒன்பது காலெர்பா இனங்களை இந்த மாநிலத்தில் வைத்திருக்கவே தடை வந்தது.

கதை முடிந்ததா? 2021-இல் நியூபோர்ட் விரிகுடாவில் புரோலிஃபெரா என்ற இன்னொரு காலெர்பா. 2023-இல் சான் டியாகோ விரிகுடாவிலேயே அது. அந்த ஒன்பதில் அது இல்லை! திரும்பவும் தார்ப்பாய், திரும்பவும் மூழ்கிகள். பிறகு பேரினம் முழுவதையும் தடை செய்துவிட்டார்கள். கடைக்காரரும் வாங்குபவரும் இறகு எது, கத்தி எது, திராட்சை எது என்று இலை பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதால் அது சரியான முடிவு என்றுதான் எனக்குப் படுகிறது.

உப்புத்தொட்டி (செவ்வாய், காலை 7:05)

அவசரம். யாராவது இருக்கிறீர்களா?

நேற்று இரவு பதினொரு மணிக்குப் பார்த்தபோது சம்பில் பாசி வெளிறி இருந்தது. இலைக்குள் பச்சை திட்டுத் திட்டாக, வலை பின்னினாற்போல் ஒதுங்கியிருந்தது. நுனிகளில் குட்டிக் குட்டிக் குழல்கள். புதிதாக ஏதோ துளிர்க்கிறது என்று நினைத்துப் படுத்துவிட்டேன்.

ஐந்தரைக்கு எழுந்தால் தொட்டி முழுக்கப் பச்சைப் பால். எதிர்ப்பக்கக் கண்ணாடி தெரியவில்லை. கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர் பச்சை நுரையாகக் கக்கி, கோப்பை வழிந்து தரையெல்லாம் ஈரம். பாசி இருந்த இடத்தில் பாசியின் கூடு மட்டும் நிற்கிறது. பால் கவரைக் கழுவி இறகு மாதிரி வெட்டி வைத்தாற்போல் வெள்ளையாக, தொட்டால் நொய்ந்து போகிறது. டேங் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. கோமாளிகள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன.

கொளத்தூர்வாசி (செவ்வாய், காலை 7:09)

காற்றுக் கல் இருக்கிறதா? இருக்கிற எல்லாவற்றையும் போடு. பவர்ஹெட்டை (நீரோட்ட மோட்டார்) தண்ணீர் மட்டத்துக்குத் தூக்கி மேற்பரப்பைக் கலக்கு. விளக்கைப் போடு. மீனைத் தனி டப்பில் பழைய உப்புத் தண்ணீரில் மாற்று, தண்ணீர் இல்லாவிட்டால் என் கடைக்கு வண்டி எடுத்து வா, நாற்பது லிட்டர் கலந்து வைத்திருக்கிறேன். கார்பன் பை ஒன்றும் வாங்கிப் போ. செத்த பாசியை வலையால் அள்ளு, பிழியாதே. போன் அடித்துக்கொண்டே இருக்கிறேன், எடு.

ஒருசெல் (செவ்வாய், காலை 11:30)

மீன்கள் எப்படி இருக்கின்றன தம்பி?

நாளை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனேன், என் தப்பு. முன்பே எழுதியிருந்தால் நேற்று இரவே உனக்குத் தெரிந்திருக்கும். நீ பார்த்த வலைப்பின்னலும் குட்டிக் குழல்களும்தான் முன்னறிவிப்பு.

காலெர்பா இனம் பெருக்க முடிவெடுத்தால் பூ, காய் என்று ஒரு பகுதியை ஒதுக்குவதில்லை. முழு உடம்பையும் பாலணுக்களாக மாற்றிவிடும். ஒரே செல் இல்லையா, பாதியை வைத்துக்கொண்டு பாதியைச் செலவழிக்கும் பேச்சே இல்லை. இரவோடு இரவாக உள்ளிருப்பு அத்தனையும் பாலணுவாகி, விடியும் நேரத்தில் அந்தக் குழல்கள் வழியாகக் கொட்டிவிட்டு வெற்றுக் கூடாக நிற்கும். 1997-இல் பனாமாவின் கரீபியன் கரைப் பவளத் திட்டுகளில் இதைக் கண்காணித்து எழுதினார்கள். பல பச்சைப் பாசிகள் ஒரே விடியலில் கொட்டுகின்றன. ஆனால் ஒவ்வொரு இனத்துக்கும் சில நிமிட வித்தியாசத்தில் அதனதன் நேரம், கலப்படம் ஆகாமல். கடல் சற்று நேரம் பச்சையாகக் கலங்கும், சூரியன் ஏறும்போது தெளிந்துவிடும், முந்தைய நாள் இருந்த திட்டு இருக்காது. பாம்பன்கரையின் அம்மா சொன்னது இதுதான்.

கடலுக்கு அது ஒரு விடியல். நான்கடித் தொட்டிக்கு அப்படி இல்லை. அத்தனையும் அழுகும்போது மூச்சுக்காற்று தீர்ந்துவிடும், உள்ளிருந்த நச்சும் வெளியே வந்துவிட்டது. தொட்டிக்காரர்கள் இருபத்துநான்கு மணி நேரமும் விளக்கெரித்து, அடிக்கடி கத்தரித்து இதைத் தள்ளிப்போடுவார்கள். தள்ளிப்போடலாம், அவ்வளவுதான்.

மத்தியதரைக் கடலில் கொட்டியதைச் சோதித்தபோது ஆண் பாலணு மட்டுமே இருந்தது. மணப்பெண்ணே இல்லாத கல்யாணம். அந்த 131 சதுர கிலோமீட்டரும் வெறும் துண்டால் பரவியது.

உப்புத்தொட்டி (செவ்வாய், இரவு 10:15)

டேங் போய்விட்டது. மூன்று வருடம் என்னிடம் இருந்த மீன். கோமாளி இரண்டும் டப்பில் இருக்கின்றன, ஒன்று சாப்பிட்டது. மென்பவளம் சுருங்கித்தான் இருக்கிறது. கொளத்தூர்வாசி அண்ணன் கடையைப் பூட்டிவிட்டுத் தானே தண்ணீரோடு வீட்டுக்கு வந்தார், மூன்று மாடி ஏறி. நன்றி என்று எழுதினால் திட்டுவார்.

கேள்விக்குறி (புதன், காலை 8:20)

வருத்தமாக இருக்கிறது நண்பா. கிணற்று உவமையைத் திரும்பப் பெறுகிறேன். ஒரே ஒரு நடைமுறைச் சந்தேகம்: சம்பின் மூலையில் இன்னும் பச்சையாகக் கொஞ்சம் இருக்குமே, அதை என்ன செய்வது? கழிவறையில் ஊற்றலாமா? அப்புறம், இதன் உறவுக்காரக் ‘கடல் திராட்சை’யை ஜப்பானில் தின்கிறார்களே, இதையும் தின்று தீர்த்துவிட முடியாதா?

ஒருசெல் (புதன், காலை 9:00)

தின்பது லெண்டில்லிஃபெரா. ஒகினாவாவில் உமிபுடோ, பிலிப்பைன்ஸில் லாத்தோ. செபுவின் மக்தான் தீவில் குளம் வெட்டிப் பயிரே செய்கிறார்கள். குட்டிக் குட்டி உருண்டை, பல்லில் பட்டதும் உப்புத் தண்ணீராக வெடிக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் சுருங்கிப் போகும், வெளியில்தான் வைக்க வேண்டும். டாக்சிஃபோலியா அந்தப் பந்திக்கு உரியதல்ல. அதுவும் மருந்தும் கார்பனும் போட்ட தொட்டியில் வளர்ந்ததை வாயில் வைக்காதீர்கள்.

கழிவறையும் வேண்டாம், மழைநீர்க் கால்வாயும் வேண்டாம். சென்னையில் எது எங்கே போய்க் கடலில் சேரும் என்று யார் கண்டது? வெயிலில் சருகாகக் காயவைப்பது, இல்லாவிட்டால் கொதிநீர், இல்லாவிட்டால் கவரில் கட்டி ஃபிரீசரில் இரண்டு நாள். அப்புறம் குப்பைக்கு. பம்ப், குழாய், வலை எல்லாம் பிளீச்சிங் தண்ணீரில் ஊறவைத்து நன்னீரில் அலசிக் காயவைக்கவும்.

உப்புத்தொட்டி (சனி, மாலை 4:40)

அம்மா வடகம் காயப்போடும் பழைய வேட்டியை மொட்டை மாடியில் விரித்து மூன்று நாள் காயவைத்தேன். ஒரு பக்கெட் பாசி ஒரு கைப்பிடி கறுப்புச் சருகானது. காற்றில் பறக்கிறதே என்று அதையும் பாத்திரத்தில் கொதிக்கவைத்துவிட்டேன். அந்தப் பாத்திரம் இனி சமையலறைக்குள் வரக்கூடாது என்று உத்தரவு.

எனக்குப் பாசி கொடுத்தவரிடமும் பேசினேன். அவர் மேலும் நான்கு பேருக்குக் கொடுத்திருக்கிறாராம். அவர்களுக்கு இந்த இழையை அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

சரி, நைட்ரேட்டுக்கு இனி என்ன போடுவது?

கொளத்தூர்வாசி (சனி, மாலை 5:30)

கீட்டோ என்ற பாசியைப் போடு. பச்சை நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடக்கும், எதிலும் வேர் பிடிக்காது, ஒரே ராத்திரியில் காலெர்பா மாதிரி மொத்தமாகக் கொட்டியும் நான் பார்த்ததில்லை. மாதம் ஒரு தடவை பாதியை எடுத்துக் காயப்போடு. காய, கேட்டதா? என்னிடம் இருக்கிறது, வா. ஆனால் வீட்டுக்குப் போனதும் வெள்ளைத் தட்டில் தண்ணீர் வைத்து இழை இழையாகப் பிரித்துப் பார். என் தொட்டி என்பதற்காக நம்பிவிடாதே. நடுவில் ஒரு இறகு இருந்தாலும் போன் பண்ணு.

உப்புத்தொட்டி (ஞாயிறு, இரவு 9:10)

பிரித்துப் பார்த்தேன் அண்ணே, ஒரு மணி நேரம் ஆனது. இறகு எதுவும் இல்லை. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு நண்டு இருந்தது. அது உங்களுடையதா, வேண்டுமா?